ஐப்பசி மழையை நம்பிய காக்கை

கிழக்குக் கடற்கரைக் காக்கை ஒன்று, மீன் லாரியின் மேல் உட்கார்ந்தபடியே மேற்குக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. வந்த வைகாசியிலேயே ஒரு தென்னையின் வெளி மட்டையில் கூடு கட்டத் தொடங்கியது.

பக்கத்து மரத்துக் காக்கை பறந்து வந்தது. "இஞ்ச வேண்டாம் அக்கா. இன்னும் பத்து நாள்ல மழை பிடிச்சிரும். கூட்ட உள்ள தள்ளிக் கெட்டு. நானும் சுள்ளி எடுத்துத் தாறேன்."

"வைகாசியில மழையா? எங்க பக்கம் ஐப்பசியிலதான் மழை. தேங்காய் எண்ணெயில மீன் பொரிக்கிற ஊருக்கு மாசம்கூடத் தெரியாதா?" என்று சிரித்தது வந்த காக்கை.

பக்கத்துக் காக்கை தன் மரத்துக்கே பறந்து போய்விட்டது.

மூன்று முட்டை இட்டு அடைகாத்துக் கொண்டிருந்தபோது, கடல் பக்கமிருந்து மழை வந்தது. நாலு நாள் விடவில்லை. காக்கை சிறகை விரித்து முட்டைகளை மூடிப் பார்த்தது. மட்டை ஆடிய ஆட்டத்தில் மூன்று முட்டையும் விழுந்து உடைந்தன.

மழை விட்டதும் பக்கத்துக் காக்கை ஒரு மீன் துண்டோடு வந்தது. "ஒண்ணும் தின்னிருக்க மாட்டியே. எங்க கூட்டுக்கு வா அக்கா."

அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது? வெட்கம் தாளாமல் காக்கை முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டது.

"நான் வந்தது பிடிக்கலேன்னா போறேன்" என்றது பக்கத்துக் காக்கை.

"போகாதே" என்று சொல்லக் காக்கை திரும்பியபோது, மட்டையில் மீன் துண்டு மட்டும் இருந்தது.