மதிலடி வளை

மாதா கோயில் எலி சந்தியாகு மெழுகுவர்த்தி தின்று வளர்ந்தவன். மதிலுக்கு அந்தப் பக்கம், சி.எஸ்.ஐ. கோயில் எலி எபனேசர் பாட்டுப் புத்தகத்துப் பசையைத் தின்று வளர்ந்தவன். மோட்சத்துக்குப் போகப்போவது யார் என்று இருவருக்கும் மதில்மேல் தினமும் சண்டை.

"விசுவாசம் ஒண்ணு போதும்வே. உம்ம மெழுகுவர்த்தி, ஜெபமாலை எதுவும் அங்க செல்லாது," என்றான் எபனேசர்.

சந்தியாகுவுக்கு மீசை துடித்தது. "நற்செயல் இல்லாம வெறும் விசுவாசத்தோட போனா, வாசல்லயே நிறுத்திருவாங்கவே! நான் ஒரு பூசைகூட விட்டதில்ல, தெரியுமா?"

அந்த நேரம் பார்த்துப் பூனை மதிலேறியது. சந்தியாகுவுக்கு மாதாவைக் கூப்பிட நேரமில்லை. எபனேசருக்கு ஒரு வசனமும் வாயில் வரவில்லை. இருவரும் விழுந்தடித்து ஓடி, மதிலடியில் தெரிந்த ஒரே வளைக்குள் பாய்ந்தார்கள்.

மூச்சு வாங்கிவிட்டுப் பார்த்தால், உள்ளே ஒரு பெருச்சாளி காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. எந்தக் கோயில் பக்கமும் தலைவைத்துப் படுக்காத ஜென்மம்! சந்தியாகுவுக்குப் பொறுக்கவில்லை. எபனேசருக்கும்தான். முதல் தடவையாக இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்:

"நீரு எப்படிவே இதுக்குள்ள வந்தீரு?"

"வளையத் தோண்டினதே நான்தானே," என்றது பெருச்சாளி. "சரி சரி, ரெண்டு பேரும் வாலை உள்ள இழுங்க. பூனை இன்னும் போகல."