மூன்றாம் குழாய்

2018 ஆகஸ்ட் 14, செவ்வாய்க்கிழமை. புல்டோசர் எஞ்சினுக்குள் டீசலைச் செலுத்தும் மூன்றாம் இன்ஜெக்டருக்குச் செல்லும் குழாய் விரிசல் விட்டு டீசல் கசிகிறது, மாற்றுக் குழாய் வேண்டும் என்று மெக்கானிக் சாலை அலுவலகத்துக்கு ஏழு முறை எழுதியிருந்தார். பதினொரு மாதங்களாகக் குழாய் வரவில்லை.

மண்சரிவு வந்துவிட்டது.

எஸ்டேட்டுக்கு ஒரே சாலை. அதன்மேல் இரண்டு ஆள் உயரத்துக்கு மண். இந்தப் பக்கம் நாற்பது வீடுகள், பழைய புல்டோசர், அதன் மெக்கானிக்கான அவர்; வேறு வண்டி இல்லை. அந்தப் பக்கம் ஊரும் மருத்துவமனையும். நடந்து செல்லவும் வழியில்லை. ஒருபுறம் செங்குத்தான மலை. மறுபுறம் பள்ளத்தில் கரைபுரளும் ஆறு.

மண்ணைத் தள்ளத் தொடங்கிய புல்டோசரின் எஞ்சின் காலை பத்து இருபதுக்குத் திணறியது. டீசல் பீய்ச்சியடித்தது. பழைய விரிசலா, வேறு குழாயில் புது ஓட்டையா என்று தெரியவில்லை.

கசிவைத் தேட அவர் ஓர் அட்டை வைத்திருப்பார். பிஸ்கட் பெட்டியிலிருந்து கிழித்தது. எஞ்சின் ஓடும்போது குழாயோரமாக அதை நகர்த்தினால் நனையும் இடத்தில் ஓட்டை. இருபத்தாறு ஆண்டுகளாக அதுதான் முறை. அட்டை நனையலாம், கை நனையக் கூடாது.

அன்று அட்டை மழையில் ஊறிக் கூழாகியிருந்தது. எங்கும் மூடுபனி. மழைச்சாரல் எது, டீசல் சாரல் எது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை.

கையை நீட்டினார்.

வலக்கைச் சுட்டுவிரலின் அடியில் ஒரு குத்து. வலி இல்லை. ஒரு சிவப்புப் புள்ளி.

எஞ்சினை நிறுத்தச் சொன்னார். ஓட்டுநர் சவரிமுத்து இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“எறும்பு கடிச்சதுக்கா அண்ணே எஞ்சின நிறுத்தச் சொன்னீங்க? அண்ணி உங்கள வச்சிக்கிட்டு எப்படித்தான் காலந்தள்ளுறாங்களோ.”

மெக்கானிக் விரலைத் திருப்பிப் பார்த்தார். வேறொரு மலையில் இதே போன்ற புள்ளியை அவர் பார்த்திருக்கிறார். உடன் வேலை செய்த குஞ்ஞப்பனின் கட்டைவிரலில். அது குத்தன்று. அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போயிருந்தது. ஆறு மணி நேரத்துக்குள் கையை அறுத்துத் திறந்து கழுவியிருக்க வேண்டும் என்றார் மருத்துவர். குஞ்ஞப்பன் மருத்துவமனைக்குப் போனது மூன்றாம் நாள்.

கையை மணிக்கட்டோடு எடுத்தார்கள்.

ஆறு மணி நேரம். நான்கு இருபது வரை.

சாலையைத் திறக்க ஒரே இயந்திரம். இயந்திரத்தைச் சீராக்க ஒரே ஆள். அந்த ஆளுக்கு இப்போது ஒரு கை.

இடக்கையில் ஸ்பானரைப் பிடித்தார். நட்டு நழுவி நழுவிக் கழன்றது. விரிசல் விட்ட குழாயை அகற்றினார். பம்பின் வாயில் ரப்பர் குழாய் ஒன்றைப் பல்லால் இழுத்து மாட்டி, டீசலைத் தொட்டிக்கே திருப்பிவிட்டார். மூன்றாம் இன்ஜெக்டர் செத்தது, கசிவு நின்றது. ஆறு சிலிண்டர்களில் ஐந்து ஓடும்.

பிறகுதான் சவரிமுத்துவிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பின் இருக்கையை விட்டு இறங்கவும் இல்லை. அவருடைய சோற்றுப் பொட்டலம் பிரிபடாமலே கிடந்தது.

புல்டோசர் மண்ணைத் தள்ளியது. தள்ளிய இடத்தில் மண் சரிந்தது. மீண்டும் தள்ளியது.

ஒரு மணிக்கு வலக்கை வீங்கி மோதிரம் சதைக்குள் புதைந்தது.

இரண்டு மணிக்கு விரல்கள் மடங்கவில்லை.

இரண்டரைக்கு, ஒரு ஜீப் நுழையும் அளவுக்கு வழி திறந்தது. மருத்துவமனைக்கு மலையிறங்க ஒன்றே முக்கால் மணி நேரம்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஜீப் வந்தது. சாலை அலுவலகத்தின் ஸ்டோர் கீப்பர் இறங்கினார். அவர் கையில், பாலிதீன் தாளில் சுற்றிய, புத்தம் புதிய மூன்றாம் குழாய்.

கூடவே ஒரு ரசீது. ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.’ கையொப்பம் இல்லாமல் வண்டி திரும்பக் கூடாது என்பது விதியாம்.

மெக்கானிக் வலக்கையைத் தூக்கிக் காட்டினார். ஸ்டோர் கீப்பர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

“ரத்தமே வரலையே சார்.”

மெக்கானிக் இடக்கையால் கிறுக்கிக் கொடுத்தார். கோப்பிலுள்ள கையொப்பத்தோடு அது பொருந்தவில்லை. பெருவிரலை நீட்டினார். எழுதத் தெரிந்தவரிடம் கைரேகை வாங்க இயலாதாம். அவர் எழுதிய ஏழு கடிதங்களும் அலுவலகத்தில் இருக்கின்றன, முத்து முத்தான எழுத்தில். சவரிமுத்து மேலிருந்து தாம் இடுவதாகக் கத்தினார். பொறுப்பில் உள்ளவர் அவர் அல்லராம்.

ஜீப்பின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு சிலிண்டர் புல்டோசரின் ஐந்து சிலிண்டர்களும் ஓடிக்கொண்டிருந்தன.

வாசகரே, மணி இரண்டு முப்பத்து நான்கு. இரண்டு முப்பத்தைந்துக்குள் ஜீப் கிளம்பியாக வேண்டும். பேனாவை வாங்குங்கள். ரசீதின் அந்த வரியை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். படித்துவிட்டு, அவருக்காக நீங்கள் கையொப்பமிடுங்கள்.