வாசற்படியான பொட்டாஷ் மூட்டை

கொட்டகை ஓரத்தில் நின்ற இனிப்பு மக்காச்சோளத்துக்கு யூரியா என்றால் உயிர். செங்கோடன் ஒரு கை அள்ளிப் போட்டால் போதும், பயிர் கருகருவென்று நிமிர்ந்துவிடும். வரப்பில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

யூரியாவோடு சேர்த்துக் கடைக்காரர் தலையில் கட்டிய பொட்டாஷ் உர மூட்டையை, காலில் சேறு ஒட்டாமல் இருக்கச் செங்கோடன் கொட்டகை வாசலில் படியாகப் போட்டிருந்தான்.

ஒருநாள் அது சோளத்திடம் சொன்னது: "தம்பி, உன் அடி இலை ஓரமெல்லாம் கருகுது. என்னையும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்க."

"உன்னைப் போட்டா என்ன தெரியும்?"

"இப்போ ஒண்ணும் தெரியாது. பின்னால தண்டு வலுக்கும், கதிர் இனிக்கும்."

"ஊரு பார்க்காத வலு எனக்கெதுக்கு?" என்று சோளம் சிரித்தது.

கதிர் முற்றும் நேரத்தில் காற்று அடித்தது. சோளம் தண்டோடு முறிந்து மூட்டைமேலேயே விழுந்தது.

"அண்ணே, இப்போ கொஞ்சம் தர்றியா?"

"எதால வாங்குவே, தம்பி? வேரு அங்கேயே நிக்குதே."

செங்கோடன் வந்து கதிரை உரித்தான். நுனியில் மணியே இல்லை. இருந்ததைக் கடித்தவன் சப்பென்று இருக்கவும் துப்பினான்.

"யூரியா பத்தல போலிருக்கு" என்றபடி, பொட்டாஷ் மூட்டைமேல் கால் வைத்து உள்ளே போனான்.