லேபிள் இல்லாத பழசு

“தேதி பார்த்தியா?”

“பார்த்துட்டேன் சார். அடுத்த மார்ச் வரைக்கும் இருக்கு.”

லியாவுக்கு நம்பிக்கை வரவில்லை. சர்வர் மெஷின் மேல் வைத்திருந்த பச்சை நொறுக்குத்தீனிப் பொட்டலத்தைத் தானே புரட்டிப் பார்த்தார். பச்சைப் பொட்டலம் இருந்தால் மெஷின் சொன்னபடி கேட்கும், அதுவே தேதி தாண்டியதென்றால் குடியைக் கெடுத்துவிடும் என்பது தைபேயில் கம்ப்யூட்டர்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்ததுதான்.

“ம்... இப்போ அமுக்கு.”

யூசின் பொட்டலத்தைக் கும்பிட்டுவிட்டு அமுக்கினாள். அவர்கள் கல்லா மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் டீக்கடைக் கம்பெனியின் ஆஸ்பத்திரி வாசல் கிளையில் மட்டும் மெஷின் கிழடு; இரண்டாம் வெர்ஷன்தான் ஓடும். அந்த வெர்ஷனில் ஒரு ஓட்டையை அடைத்து அனுப்பவேண்டியிருந்தது. எண்ணூறு கிளைகளில் மற்ற எல்லாவற்றிலும் ஓடுவது ஐந்தாம் வெர்ஷன்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பக்கத்து சீட்டு பெய்ரோங், கீழே இருந்த கிளையில் வாங்கிய டீயும் கையுமாக வந்தாள்.

“என்னடி இது, பாகு மாதிரி இனிக்குது! பாதிச் சர்க்கரைன்னு சொல்ல வாயைத் திறக்கறதுக்குள்ள கையில குடுத்துட்டான். ஸ்கிரீன்ல அந்தக் கேள்வியே வரலையாம்.”

யூசின் ஓடிப்போய்த் தன் ஸ்கிரீனைப் பார்த்தாள். பொட்டலத்தின் தேதியைப் பார்த்த மும்முரத்தில், வெர்ஷனுக்குப் ‘பழசு’ என்று லேபிள் போட மறந்திருந்தாள். லேபிள் இல்லாமல் எதை ஏற்றினாலும், கடைசியாக வந்ததுதான் புதுசு என்று கம்ப்யூட்டர் எல்லாக் கடைக்கும் தள்ளிவிடும். இரண்டாம் வெர்ஷனிலோ சர்க்கரை எவ்வளவு, ஐஸ் எவ்வளவு என்ற பேச்சே கிடையாது. சின்னதா, பெரிசா, அவ்வளவுதான்.

“அடிப்பாவி! ஊருக்கே முழுச் சர்க்கரையா?” லியாவ் தலையில் அடித்துக்கொண்டார். “போன மாசமே சொன்னேன், இன்னொரு தப்பு நடந்தா வேலை போயிடும்னு. கிளம்பு!”

“சார், அஞ்சை மறுபடி ஏத்திடறேன் சார். அஞ்சே நிமிஷம்...”

போன் அடித்தது. எண்ணூறு கடைக்கும் முதலாளியான ஷிஹ் அம்மாள். லியாவ் எழுந்து நின்று போனைப் பார்த்தே ஒரு தரம் குனிந்தார். பிறகு ஸ்பீக்கரில் போட்டு, ‘நீயே வாங்கிக் கட்டிக்கோ’ என்று யூசினுக்குக் கை காட்டினார்.

“மேடம்... நான்தான் அனுப்பினேன். தப்பு என்னோடதுதான்.”

“எதும்மா தப்பு? ஒவ்வொருத்தர்கிட்டயும் ஆறு கேள்வி கேட்டு, வரிசை தெருமுனை வரைக்கும் நிக்கும். இன்னைக்கு மூணு மணிக் கூட்டம் பத்தே நிமிஷத்துல கரைஞ்சுபோச்சு! லியாவ் இருக்காரா?”

“இ... இருக்கேன் மேடம்.”

“உங்க பழசைத் தூக்கிக் கடாசுங்க. இந்தப் பொண்ணு அனுப்பின புதுசே இருக்கட்டும்!”