நாலாம் நம்பர் ஆட்டம்

“உவ்வே!”

தங்கவேல் சார் இல்லை, நான்தான். மிமிக்ரி.

பாண்டி பஜாரில், எஸ்.டி.டி. பூத்துக்கு மேல் மாடியில் ஜவஹர் அண்ணாச்சி புதுசாகத் திறந்த ஹெல்மெட் கேம் கடை. தலையில் மாட்டினால் கண்ணுக்குள்ளேயே கார் ஓடும், விமானம் பறக்கும். லீவு நாளில் வரிசை படிக்கட்டு வரை நிற்கும். கடையில் எடுபிடி நான்தான். நிற்கிறவர்களுக்குப் பொழுது போக வேண்டாமா?

“சின்னப் புள்ளைக்குக்கூட ஒண்ணும் செய்யாது, கேட்டியளா!” இது அண்ணாச்சி குரல். வரிசை சிரிக்கும்.

உடனே தங்கவேல் சார் குரலில் ஒரு “உவ்வே!” வரிசை விழுந்து விழுந்து சிரிக்கும்.

சார் சனிக்கிழமைதோறும் வருவார். தலை நரைத்த ஆசாமி. பஸ் ஒத்துக்கொள்ளாதாம், அசோக் நகரிலிருந்து நடந்தே வருவார். இவருக்கு எதற்கு இந்த ஆசை?

முதல் வாரம் ஒண்ணாம் நம்பர், கார். இரண்டே நிமிஷம். பக்கெட்.

அடுத்த வாரம் விமானம். பக்கெட் வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

மூன்றாம் வாரம் படகு.

“இன்னா சார், அடுத்து ராட்டினம் வெச்சா அதுலயும் ஏறுவீங்களா?” என்றேன்.

வாயைத் துடைத்துக்கொண்டே, “நாலாம் நம்பர் என்னப்பா?” என்றார்.

“பலூன் சுடறது. நின்ன எடத்துலயே நிக்கணும். செம போர் சார், ஒருத்தரும் ஆட மாட்டாங்க.”

நாலாம் வாரம் நானே பக்கெட்டோடு பக்கத்தில் நின்றேன். வரிசை ஆவலாகப் பார்த்தது.

ஐந்து நிமிஷம் முழுசாக ஆடினார்!

“வரலப்பா!” ஏதோ பரீட்சையில் பாஸானவர் மாதிரி சிரித்துவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த சனிக்கிழமை, யாருக்கோ பிறந்த நாள் என்று பத்துப் பெண் குழந்தைகள் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். கொஞ்ச நேரம் கழித்து, வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார்கள் தங்கவேல் சாரும் அவர் மகளும். அவள் கையில் ஒரு எலுமிச்சம்பழம், மடித்த பிளாஸ்டிக் பை.

“ஏய், வாந்தி லாவண்யா வந்துட்டாடி! எல்லாரும் தள்ளி நில்லுங்க. டூர்ல பஸ்ஸையே நாறடிச்சாளே!”

அந்தப் பெண் அப்பாவின் பின்னால் ஒதுங்கினாள். “நாம போயிடலாம்ப்பா.”

“ஒரு தடவை ஆடிப் பாரும்மா.”

சார் அண்ணாச்சியிடம் நாலு விரலைக் காட்டினார்.

டப்... டப்... டப்... பலூன் பலூனாக வெடித்தது. ஐந்து நிமிஷம் முடிந்து ஹெல்மெட்டைக் கழற்றியவள் குதித்தாள்.

“அப்பா! எனக்கு வாந்தியே வரல! நீயும் ஒரு தடவை ஆடேன்ப்பா!”

“நானா? அய்யோ, எனக்கு இதெல்லாம் பயம்மா. இந்தக் கடையையே இன்னிக்குத்தான் பார்க்கறேன்.”

வரிசை மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. சாரும் பார்த்தார்.

நான் வாயைத் திறந்தேன். அண்ணாச்சி குரல் இல்லை, “உவ்வே”யும் இல்லை. அந்தக் கடையில் முதல் முறையாக என் சொந்தக் குரலில் சொன்னேன்:

“ஆமா பாப்பா, சாரை நாங்க இதுக்கு முன்னாடி பார்த்ததே இல்ல.”