நிக்கோலாசா நெய்தது

"நான்தான் நிக்கோலாசா" என்று சொல்லிவிட்டு சிமோனா தரையைப் பார்த்தாள்.

ஜெர்மனியிலிருந்து வந்த அம்மாள் அவளை இறுகக் கட்டிக்கொண்டார்.

நிக்கோலாசா அவளுடைய அக்கா. அவள் கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. ஜெர்மனியில் கடை வைத்திருக்கும் ஹெல்கா, நிக்கோலாசா நெய்ததைத்தான் கேட்டு வாங்குவார். தரகர் இல்லாத நியாய விலை. தனக்கென்றும் வருடத்துக்கு ஒரு உய்பில் மேலாடை நெய்யச் சொல்வார். அக்காவின் இரண்டு பெண்களுக்கும் சோளரொட்டியும் பள்ளிக்கூடமும் அதில்தான்.

"பேரை மாத்தினா ஆர்டர் போயிடும்டி. வாயை மூடிட்டு நெய்" என்றது நெசவுச் சங்கத் தலைவி பாஸ்குவாலாதான். அன்றிலிருந்து சிமோனா நெய்கிறாள், துணியில் கட்டும் அட்டையில் அக்கா பேர் இருக்கிறது.

ஹெல்கா நேரிலேயே வந்து நிற்பார் என்று யார் கண்டது? "ஹெல்கா அம்மாவா? வாங்க, வாங்க!" என்று பாஸ்குவாலா ஓடியபோது வந்தவர் தலையை மட்டும் ஆட்டினார்.

இந்த வருடத்து உய்பிலைத்தான் உடுத்தியிருந்தார். அது தோளில் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. சிமோனாவின் கண் அதை விட்டு நகரவில்லை. அக்கா காலத்து அளவுதான். இடுப்பில் தறியின் வார் கட்டி, இழை இழையாகப் பார்த்துப் பார்த்து நெய்தது. அப்படியும் இப்படித் தொங்குகிறதே! தன் கையே காட்டிக்கொடுத்துவிட்டது என்று அவளுக்கு வியர்த்தது.

"எங்க நிக்கோலாசா மாதிரி நெய்ய இந்த ஏரிக்கரையில ஆளே கிடையாதும்மா!" பாஸ்குவாலா முழங்கையால் அவளை இடித்தாள். "சிரியேன்டி."

வந்தவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். தட்டுத்தடுமாறி ஸ்பானிஷில் பேசினார். "கடையை மூடிடுன்னு வீட்ல எல்லாரும் சொன்னாங்க. நிக்கோலாசா, நீங்க என்ன பண்ணுவீங்கன்னு நினைச்சேன். மூட மனசு வரல."

அதற்கு மேல் சிமோனாவால் தாங்க முடியவில்லை.

"அம்மா, நான் நிக்கோலாசா இல்ல. அவ தங்கச்சி சிமோனா. அக்கா செத்துட்டா. பாவி நான், அவ பேரைச் சொல்லி உங்களை ஏமாத்திட்டேன். பாருங்க, தோள்ல கூட நிக்கல. அக்கா நெய்திருந்தா அளவு தப்புமா?"

"கெடுத்தியேடி!" பாஸ்குவாலா தலையில் அடித்துக்கொண்டாள்.

அகப்பட்டுக்கொண்டவரைப் போல வந்தவர் முகம் சிவந்தது. சரிந்த தோளை மெல்ல ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"அளவு தப்பே இல்ல, சிமோனா. எங்கம்மா ஹெல்கா உயிரோட இருந்திருந்தா, இது அவங்களுக்குக் கச்சிதமா இருந்திருக்கும்."