மெல்பேர்ண் வழக்கு

சிவகௌரியின் மேசையில் இரண்டு கடுதாசிகள் கிடந்தன. இரண்டும் பேர்னாட் என்ற ஒரே ஆளைப் பற்றியவை. ஆனால், ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை.

குற்றப்பதிவு உண்டா என்று பார்த்துப் பொலிஸ் கொடுக்கும் ‘பொலிஸ் செக்’கில் அவர் பெயரில் ஒரு வழக்கும் இல்லை.

அவரே நிரப்பிய விண்ணப்பத்தில், ‘குற்றத்தீர்ப்பு ஏதும் உண்டா?’ என்பதற்கு ‘ஓம்’ என்று எழுதியிருந்தார். கவலையீனமாகக் கார் ஓடியது. ஓர் உயிரிழப்பு. மெல்பேர்ண் கோர்ட்.

சிட்னியின் பிளாக்டவுனில் வயதானவர்களுக்கான பகல்நேரப் பராமரிப்பு நிலையம் அது. அவர்களை ஏற்றி இறக்கும் வானுக்குத்தான் சாரதி தேவைப்பட்டது.

“வேற பேரில செக் எடுத்திருப்பாரோ?” என்றான் கூட வேலை செய்யும் எறிக். “இல்லாட்டி மெல்பேர்ண் ரெக்கோர்ட் இஞ்ச சிட்னிக்கு வந்து சேரேல்லையோ?”

“ஆளைக் கூப்பிடு. கேப்பம்.”

பேர்னாட்டுக்கு ஐம்பது வயதிருக்கும். கதிரை நுனியில் இருந்தார்.

“செக்கில ஒண்டும் இல்லை. நீங்கள் வழக்கு இருந்ததெண்டு எழுதியிருக்கிறியள். எது உண்மை?”

“ரெண்டும்தான் தங்கச்சி. நடந்து பன்னிரண்டு வருஷம். பழைய வழக்கு, இனிச் செக்கில வராது எண்டு லோயர் சொன்னவர். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறயாம். எனக்கு அதெல்லாம் விளங்காது.”

“வராதெண்டு தெரிஞ்சும் ஏன் எழுதினனீங்கள்?”

“கேட்டிருந்தியள். எழுதினனான்.”



அவர் போனதும் எறிக் கதவைச் சாத்தினான்.

“நல்ல நடிப்பு அக்கா. நேர்மையான ஆள் மாதிரிக் காட்டி வேலை எடுக்கப் பாக்கிறார்.”

சிவகௌரிக்கும் அப்படித்தான் பட்டது. வானில் ஏறும் வயதானவர்களின் உயிர். பிறகு ஏதும் நடந்தால் யார் பதில் சொல்வது?

தன்னைப் பற்றி விசாரிக்க, மெல்பேர்ணில் ரோவிலில் இருக்கும் யோகா என்பவரின் நம்பரைப் பேர்னாட் கொடுத்திருந்தார்.

“சொந்தக்காரியாத்தான் இருக்கும்” என்றான் எறிக்.

சிவகௌரி போனை ஸ்பீக்கரில் போட்டாள். எடுத்தது ஒரு வயதான பெண் குரல்.

“அன்ரி, பேர்னாட் உங்களுக்குச் சொந்தமோ?”

“இல்லைப் பிள்ளை. கன வருஷப் பழக்கம்.”

“வடிவா வாகனம் ஓடுவாரோ?”

“அவர் ஓடுறதையே விட்டிருந்தவர். லைசன்ஸ் திரும்பக் கிடைச்ச பிறகும் சாவியைத் தொடமாட்டன் எண்டு நிண்டவர். மழையோ குளிரோ, பஸ்சிலதான் வேலைக்குப் போவார். மூண்டு வருஷத்துக்கு முதல் நான்தான் பக்கத்தில இருந்து ஓடப் பண்ணினனான். அதுக்குப் பிறகு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறது, வாறது எல்லாம் அவர்தான்.”

பாவம், லைசன்ஸ் ஏன் பறிபோனதென்று இவவுக்குத் தெரியாது என்று நினைத்தாள் சிவகௌரி. எறிக், ‘கேளுங்கோ’ என்று கையைக் காட்டினான்.

“அன்ரி, குறை நினைக்காதேங்கோ. அவற்ற காரில அடிபட்டு ஒராள் செத்தது. அதை அவர் உங்களுக்குச் சொன்னவரோ?”



“அவர் எனக்குச் சொல்லத் தேவையில்லைப் பிள்ளை. அண்டைக்குச் செத்தது என்ர மகன்.”